சிசுவின் கேட்டற்புலன்: ஒலிக்கான துலங்கல்களும் கவலைக்குரிய அறிகுறிகளும்

நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தினருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு வைத்தால் பாடும் மீனின் ஒலி கேட்கும் என்பதை மட்டக்களப்பு மாணவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1848 இல் இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ற், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அவ்வொலி மிகவும் பெருகிக் கேட்டதாக எழுதியுள்ளார். நீருக்குள் பிறக்கும் ஒலியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் தெறித்து மீண்டும் நீருக்குள்ளேயே போய்விடும். மரம் அதனைக் காதுவரை கடத்துகிறது.

தாயின் கருப்பையிலுள்ள முதிர்மூலவுருவும் நீரினூடாகவே கேட்கிறது. கர்ப்பத்தின் ஏறத்தாழ 25 ஆம் வாரத்திலிருந்து அது ஒலிகளுக்குத் துலங்கத் தொடங்கும். தாயின் இதயத்துடிப்பும் குரலும் அதற்குப் பழக்கமாகிவிடும். பிறந்து மூன்று நாட்களுக்குள்ளான சிசுக்கள், தாயின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பும் வேகத்தை மாற்றிக்கொள்வதை டிகாஸ்பர், ஃபைஃபர் ஆகிய ஆய்வாளர்கள் 1980 இல் காட்டினர். ஆகவே பிறந்த நாள், குழந்தை கேட்கத் தொடங்கும் முதல் நாள் அல்ல.

இனி வயதுக்கேற்ற துலங்கல்களைப் பார்ப்போம். முதல் மூன்று மாதங்களில் திடீர் ஒலிக்குச் சிசு திடுக்கிடும், கண் சிமிட்டும், அல்லது பால் குடிப்பதை ஒரு கணம் நிறுத்தும். அழும்போது தாயின் குரல் கேட்டு அமைதியடையும். திடுக்கிடுவது மட்டுமே துலங்கல் என எழுதும் மாணவர் பலர். அசைவை நிறுத்துவதும் துலங்கலே என்பதை மறக்க வேண்டாம். நான்கு முதல் ஆறு மாதங்களில் ஒலி வரும் பக்கம் கண்ணையும் பின்னர் தலையையும் திருப்பும். கிலுகிலுப்பையின் ஒலியை விரும்பும். ஒன்பது மாதமளவில் தன் பெயருக்குத் திரும்பும். “பாபாபா”, “மாமாமா” என அசைகளை அடுக்கிப் பேசும். ஒரு வயதளவில் “வா”, “தா” போன்ற எளிய சொற்களை விளங்கிக்கொண்டு, ஓரிரு சொற்களைக் கருத்துடன் சொல்லத் தொடங்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்தே மாதங்களைக் கணக்கிட வேண்டும்.

இப்பாடத்தில் மிகவும் முக்கியமான பகுதி இதுதான்: செவிப்புலன் குறைந்த சிசுவும் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், “ஆ... ஊ...” என்று ஒலியெழுப்பும். பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியாது. ஆறு மாதத்துக்குப் பின்னரே அசை அடுக்கிப் பேசுதல் தாமதமாவதும் ஒலிகள் குறைந்துபோவதும் வெளிப்படும். மூளை மொழியைப் பழகுவதற்கு மிகவும் ஏற்ற மாதங்கள் அதற்குள் கழிந்துவிடுகின்றன. “இவன்ர அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்” என்று வீட்டில் சொல்லப்படும் ஆறுதல் சில வேளை உண்மையாகலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்தானது.

வீட்டுப் பரிசோதனைகளும் ஏமாற்றக்கூடியவை. ஏணையின் பின்னால் நின்று கைதட்டினால், குழந்தை உங்கள் நிழலையோ காற்றசைவையோ உணர்ந்து திரும்பலாம். கதவை அடித்துச் சாத்தினால் தரையின் அதிர்வை உடலால் உணரும். சீனவெடிக்குத் திடுக்கிடும் குழந்தைக்கு ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய, சுருதி கூடிய ஒலிகள் கேட்காதிருக்கலாம். எனவே வெடிச் சத்தத்துக்குத் துலங்கியது என்பதைக் கொண்டு பேச்சொலி கேட்கிறது என முடிவுசெய்ய முடியாது.

உலகளவில் 1000 பிறப்புகளுக்கு 1 முதல் 3 வரையான குழந்தைகள் நிரந்தரச் செவிப்புலன் குறைபாட்டுடன் பிறக்கின்றன. அவர்களுள் மிகப் பெரும்பாலானோரின் பெற்றோர் நன்றாகக் கேட்கக்கூடியவர்களே. பரம்பரை, நெருங்கிய உறவுத் திருமணம், மிகக் குறைந்த பிறப்பு நிறை, கடுமையான செங்கமாரி, மூளைமென்சவ்வு அழற்சி, சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் என்பன காரணிகளாகும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்கு ஏற்படும் ருபெல்லாவும் சிசுவின் உட்செவியைத் தாக்கும். இலங்கையில் 1996 இல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி அறிமுகமானது. 2020 இல் இந்நோய் நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும் தடுப்பூசி எதற்கு என்று கேட்கும் தாய்மாருக்கு இதைச் சொல்லலாம்.

சிசு உறங்கும்போதே செய்யக்கூடிய, நோவில்லாத பரிசோதனை ஒன்று உண்டு. காதுக்குள் சிறு முனையொன்றை வைத்து மெல்லிய ஒலி செலுத்தப்படும். நலமான நத்தைச்சுருள் அதற்குப் பதிலாகத் தானும் நுண்ணிய ஒலியை வெளிவிடும். கருவி அதைப் பதிவுசெய்யும். செவி ஒலியைப் பெறுவது மட்டுமன்றி வெளிவிடவும் செய்கிறது என்பதை 1978 இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். வாவிக்குள் மட்டுமல்ல, நம் காதுக்குள்ளும் ஒரு பாட்டு உண்டு! முதற் பரிசோதனையில் பதில் ஒலி கிடைக்காவிட்டால் குழந்தை செவிடு என்று பொருளல்ல. பிறந்த சில நாட்களில் காதில் தங்கியுள்ள திரவமும் தடையாகலாம். ஆனால் மறுபரிசோதனையைத் தவறவிடக்கூடாது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் செவிப்புலக் கருவி அல்லது பயிற்சி என்பதே சர்வதேச இலக்கு. ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் மொழி விருத்தி, பிந்திக் கண்டறியப்பட்டோரிலும் சிறப்பாக இருந்ததை 1998 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

மாதிரி வினா: எட்டு மாதக் குழந்தையொன்று தாயின் முகத்தைக் கண்டால் சிரிக்கிறது, பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, அசை அடுக்கிப் பேசுவதுமில்லை. “கொஞ்சம் வளரட்டும், பார்ப்போம்” என்கிறார் பாட்டி. நீர் கூறும் ஆலோசனை யாது?

விடைக்கான குறிப்பு: “வைத்தியரிடம் காட்ட வேண்டும்” என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். முகம் கண்டு சிரிப்பது பார்வையால் வரும் துலங்கல். அது கேட்டலுக்குச் சான்றாகாது எனக் காரணம் காட்டுக. பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டுடன் குடும்பநல உத்தியோகத்தரையோ கிளினிக்கையோ அந்த வாரத்திலேயே நாடி, அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும் என எழுதுக. காதில் எண்ணெய் விடக்கூடாது என்பதையும் சேர்க்கலாம். பாட்டியிடம் மரியாதையாகவே சொல்லுங்கள். பரிசோதனையில் குறை எதுவும் தெரியாவிட்டால் அவருக்கும் மகிழ்ச்சிதானே.