ஆடைகள் சொல்லும் வரலாறு

கடந்த காலத்தை அறிய நாம் கல்வெட்டுகளையும் நாணயங்களையும் ஓலைச்சுவடிகளையும் நாடுகிறோம். மக்கள் உடுத்திய ஆடைகளும் வரலாற்றைச் சொல்லுமா? லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு கண்காட்சி இக்கேள்விக்கு நல்ல விடை தந்தது.

அக்கண்காட்சி மேரி குவாண்ட் என்னும் ஆடை வடிவமைப்பாளரைப் பற்றியது. அவர் 1955இல் லண்டனின் கிங்ஸ் சாலையில் ‘பசார்’ என்னும் கடையை நண்பர்களுடன் சேர்ந்து திறந்தார். அக்காலத்தில் இளம்பெண்கள் பலர் தங்கள் தாயாரைப் போலவே உடுத்தினர். ஆனால், அவர்களின் வாழ்க்கை மாறத் தொடங்கியிருந்தது. அவர்கள் வேலைக்குச் சென்றனர், சொந்தமாகச் சம்பாதித்தனர். பேருந்தைப் பிடிக்க ஓடவும் நடனமாடவும் ஏற்ற ஆடைகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. குவாண்ட் அத்தகைய எளிய ஆடைகளையும், வண்ணக் காலுறைகளையும், நெகிழியாலான மழை அங்கிகளையும் வடிவமைத்தார்.

முழங்காலுக்கு மேல் நிற்கும் ‘மினி’ பாவாடை 1960களில் உலகெங்கும் பரவியது. பெரியவர்கள் பலர் அதைக் கண்டு முகம் சுளித்தனர். அதை முதலில் உருவாக்கியவர் யார் என்பது குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கிங்ஸ் சாலையில் நடமாடிய பெண்களே அதை உருவாக்கினார்கள் என்று கூறி, குவாண்ட் அந்தப் பெருமையை அவர்களுக்கே அளித்தார்.

கண்காட்சியை ஏற்பாடு செய்தவர்களும் அப்பெண்களையே தேடினர். விலையுயர்ந்த ஆடைகள் பத்திரமாகப் பாதுகாக்கப்படுவதுண்டு. அன்றாடம் உடுத்தும் ஆடைகளோ கிழியும்வரை உடுத்தப்பட்டு, பிறகு குப்பைக்குப் போய்விடும். எனவே, குவாண்டின் ஆடைகளை வைத்திருப்போர் தொடர்புகொள்ளுமாறு அரும்பொருளகம் 2018இல் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். அவர்களுள் சுமார் 30 பேரின் பொருள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. குவாண்டின் மாதிரிப் படிவங்களை வாங்கி, வீட்டிலேயே தைத்துக்கொண்ட ஆடைகளும் அவற்றுள் இருந்தன. ஆடைகளை அணிந்த பெண்களின் புகைப்படங்களும் நினைவுகளும் உடன் வைக்கப்பட்டன.

ஆடைகளைக் காட்சிக்கு வைப்பது எளிதன்று. ஒளி பட்டால் சாயம் மங்கும். அதனால், ஆடைக் கண்காட்சிகளில் விளக்கொளியைக் குறைத்தே வைப்பார்கள். பழைய நெகிழி ஆடைகள் நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடக்கூடும். ஆயினும், துணியைக் காப்பது பாதி வேலைதான். அதை யார் உடுத்தினார், எதற்காக உடுத்தினார், அதைக் கண்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பவற்றைத் துணி தானாகச் சொல்லாது. அவற்றை அறிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கவேண்டும்.

உங்கள் வீட்டிலும் பாட்டியின் சேலையோ தாத்தாவின் வேலைச் சீருடையோ அலமாரியில் இருக்கலாம். இடத்தை அடைக்கிறது என்று அதை ஒதுக்குவதற்கு முன், அதைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சிந்தித்துப் பேசுக

1. அரும்பொருளகம் ஏன் பொதுமக்களின் உதவியை நாடியது?
2. பெரியவர்கள் விரும்பாத ஆடையை இளையர்கள் அணிவது பற்றி உங்கள் கருத்து என்ன? காரணங்களுடன் கூறுக.
3. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நம் காலத்தைப் பற்றிச் சொல்ல எந்த ஓர் ஆடையைப் பாதுகாப்பீர்கள்? ஏன்?