வஞ்சினமும் மானமும்

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதிக்கு வருவோர் பாம்பு, தேள் முதலியவற்றின் உருவங்களைத் தகட்டில் செய்து காணிக்கையாகச் செலுத்துதல் வழக்கம். இதனை நேர்த்திக்கடன் என்பர். வாயால் நேர்ந்த சொல் கடனாகிவிடுகின்றது என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியுள்ளதன்றோ?

ஆணையிடுதலும் இத்தகையதே. ஆயின், நேர்த்திக்கடனில் ஒருவன் தான் கொடுக்கப்போவதைக் கூறுகின்றான். வஞ்சினத்திலோ, சொல் தவறினால் தான் இழக்கப்போவதைக் கூறுகின்றான். தொல்காப்பியர் இதனைக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக எண்ணினார். உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்ட புறநானூற்றில் 71, 72, 73 ஆகிய பாட்டுகள் அடுத்தடுத்து நிற்கும் மூன்று வஞ்சினங்களாம். மூன்றையும் பாடியோர் அரசரே.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், பகைவரை வெல்லேனாயின் என் மனைவியைப் பிரிவேனாக என்கின்றான். அறங்கூறு அவையத்தில் தகுதியில்லாதவனை அமர்த்திய பழியும், மாவன், ஆந்தை முதலிய நண்பரை இழத்தலும் தனக்கு எய்துக என்கின்றான். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், குடிகள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுவதையும், மாங்குடி மருதன் முதலிய புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழிவதையும், இரப்போர்க்கு ஈய இயலாத வறுமையையும் பணயமாக வைக்கின்றான். ஈண்டு ஒன்று நோக்குக. இவர்கள் பொன்னையும் யானையையும் குறிப்பிட்டாரல்லர். ஒருவன் எதனை இழக்க அஞ்சுகின்றானோ, அதுவே அவனது மானத்தின் அளவுகோல்.

மேனாட்டுக் கற்பனைக் கதையிலும் ஆணைக்குப் பெரியதோர் இடமுண்டு. டோல்கீன் என்பார் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் நெடுங்கதையில், மலைவாழ் மக்கள் சிலர் இசில்தூர் என்னும் அரசனுக்குப் போர்த்துணை செய்வதாக ஆணையிட்டு, அழைத்தபோது வாராது ஒழிந்தனர். அவன் இட்ட சாபத்தால் அவர்கள் இறந்தும் அமைதியின்றி அலைந்தனர். அவன் வழித்தோன்றல் மீண்டும் அழைத்தபோது கடனைத் தீர்த்தே விடுதலை பெற்றனர். அங்குத் தண்டனை மற்றொருவன் சாபத்தால் வருகின்றது. புறநானூற்று மன்னரோ தமக்குரிய தண்டனையைத் தாமே விதித்துக்கொண்டனர்.

அங்ஙனமாயின், எந்த ஆணையையும் காத்தே தீரவேண்டுமோ என்னும் வினா எழுகின்றது. ஏரோது மன்னன் விருந்தினர் முன் தன் ஆணை பொய்யாகாதிருக்கும்பொருட்டு யோவான் ஸ்நானனின் தலையை வெட்டுவித்தான். அவன் சொல்லைக் காத்தான். அதன் விலையை மற்றொருவன் கொடுத்தான். இதனை மானம் என்று நாம் கூறோம்.

தமிழரசர் தொடுத்த போர்களிலும் பிறர் மாண்டனர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், சோழன் நலங்கிள்ளியின் வஞ்சினம் ஒரு வாயிலைத் திறந்து வைக்கின்றது. பகைவர் பணிந்துவந்து இரப்பாராயின் அரசு மட்டுமன்று, உயிரையும் தருவேன் என்று முதலிற் கூறிவிட்டே, தன்னை இகழ்வாரை அழிப்பதாக அவன் சூளுரைக்கின்றான். சினத்தின் நடுவிலும் அருளுக்கு இடம் வைத்த சொல் அது.

மாணவராகிய நாம் அற்பக் காரியங்களுக்கெல்லாம் ‘சத்தியமாய்’ என்கின்றோம். தவறினால் எதனை இழக்க ஒருப்படுகின்றோம் என்று ஒரு கணம் எண்ணிய பின் அச்சொல்லைக் கூறுவோமாக. அந்த இழப்பு நம்முடையதாயிருத்தல் வேண்டும், பிறருடையதாயிருத்தல் ஆகாது.