பெட்டியில் உறங்கிய இசை

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த இசை. கருநாடக இசையில் மனோதர்மம் போல, மேடையில் அந்தந்தக் கணத்தில் புதிதாகக் கற்பனை செய்து இசைப்பதே அதன் உயிர். அத்தகைய இசைக்குத் தாள் எதற்கு என்று தோன்றலாம். சார்லஸ் மிங்கஸின் வரலாறு அதற்கு விடை கூறுகிறது.

மிங்கஸ் 1922ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தில் பிறந்தார். ஏறத்தாழ ஆள் உயரம் உள்ள 'டபுள் பேஸ்' என்னும் தந்திக் கருவியை இசைப்பதில் வல்லவர், சிறந்த இசையமைப்பாளர், முன்கோபத்திற்கும் பெயர் பெற்றவர். 1962 அக்டோபரில் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில், பெரிய இசைக்குழுவைக் கொண்டு தம் நெடும்படைப்பை அரங்கேற்ற முயன்றார். ஒவ்வொரு கருவிக்கும் உரிய இசைக்குறிப்பைத் தனித்தனியே படியெடுக்க வேண்டும். அப்பணி உரிய நேரத்தில் முடியவில்லை. நிகழ்ச்சி நடக்கும்போதும் படியெடுப்போர் மேடையிலேயே எழுதிக்கொண்டிருந்தனர்! அரங்கேற்றம் தோல்வியுற்றது, தாள்கள் மூட்டை கட்டி வைக்கப்பட்டன.

பின்னாளில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் அவரைப் பற்றியது. விரல்கள் அசையாத நிலையிலும், வாயால் பாடி ஒலிநாடாவில் பதிவு செய்து இசையமைத்தார். 1979இல் மெக்சிகோவில் காலமானார். அவர் விரும்பியவாறே, மனைவி சூ மிங்கஸ் அவருடைய அஸ்தியை இந்தியாவிற்குக் கொணர்ந்து கங்கையில் கரைத்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின், ஆண்ட்ரூ ஹோம்சி என்னும் இசையறிஞர் மிங்கஸ் விட்டுச்சென்ற தாள்களுக்குப் பட்டியல் தயாரித்தார். மேலைநாட்டு இசைக்குறிப்பில், தாளச் சுற்று முடியும் இடந்தோறும் நெடுக்குக் கோடிட்டுப் பிரிப்பர். அப்பகுதிகளுக்கு மிங்கஸ் தம் கையாலேயே எண் இட்டிருந்தார். தனித்தனிப் பாடல்கள் போலக் கிடந்த தாள்களில் அவ்வெண்கள் தொடர்ந்து சென்று நாலாயிரத்தையும் கடந்தன. அவை யாவும் ஒரே படைப்பு என்பது அப்போதுதான் புலனாயிற்று. அதன் பெயர் 'எபிடாஃப்'. கல்லறையில் பொறிக்கும் வாசகம் என்பது பொருள்.

1989 ஜூன் 3 அன்று, நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கன்தர் ஷுல்லர் நடத்த, முப்பது கலைஞர்கள் அதனை இசைத்தனர். இசை இரண்டு மணி நேரத்திற்கும் மேல் ஒலித்தது. கேட்பதற்கு மிங்கஸ் இல்லை.

1993இல் அவருடைய இசைக்குறிப்புகள், கடிதங்கள், ஒளிப்படங்கள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் பெற்றுக்கொண்டது. ஆய்வாளர்கள் இன்றும் அங்கே சென்று அவருடைய கையெழுத்தைப் படிக்கலாம்.

பயிற்சி

1. டவுன் ஹால் அரங்கேற்றம் தோல்வியுற்றது ஏன்?
2. சிதறிக் கிடந்த தாள்கள் ஒரே படைப்பு என்பதை ஹோம்சி எவ்வாறு அறிந்தார்?
3. உம் வீட்டில் உள்ள பழைய கடிதம் அல்லது குறிப்பேடு ஒன்றை எடுத்து, அதனை எழுதியவர், நாள், ஊர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.