முதல் பொம்மை: பேத்தியின் பொருட்டு மகளுக்கு ஒரு மடல்

நியூ ஜெர்சியில் வாழும் அன்பு மகளுக்குப் பெரியம்மாவின் ஆசிகள்.

ஏழு வயதுப் பேத்திக்கு முதன்முதலாக வாங்கும் சேகரிப்புப் பொம்மை எதுவாக இருக்கலாம் என்று மகள் கேட்டிருக்கும் வினாவுக்குள் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடப்பதால், விடை சொல்லும் முன் அவற்றைப் பிரித்துவைப்பது நலம். சேகரிப்புப் பொம்மை என்பது ஒரே நிறுவனம் வரிசையாக வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனி அடையாளமும் தந்து, சில காலம் கழித்து விற்பனையை நிறுத்திவிடுவதால் பிற்பாடு பலராலும் தேடப்படுவது. விளையாட்டுப் பொம்மை என்பது ஒரு குழந்தை தூக்கிச் சுமந்து, உடை மாற்றி, தலை வாரி, திட்டிக் கொஞ்சித் தன் வசமாக்கிக்கொள்வது. முன்னதற்கு விலை தேயாமல் இருப்பதனால் வருகிறது, பின்னதோ தேய்வதற்காகவே வாங்கப்படுகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று சொல்லித்தான் அமெரிக்கக் கடைகள் 18 அங்குலப் பொம்மைகளை விற்கின்றன. அந்தச் சொல்லை முழுவதும் நம்பாமலும் முழுவதும் தள்ளாமலும் இருப்பதே இவ்விஷயத்தில் தாய்க்கு வேண்டிய நிதானம். கொலுப்படியில் பட்டுடுத்தி நிற்கும் மரப்பாச்சி மற்ற நாட்களில் பிள்ளைகளின் கையில் புழங்கிய வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு என்பதால், இந்த இரட்டை வாழ்க்கை நம்மவர்க்குப் புதிதும் அன்று.

மகள் குறிப்பிட்டிருக்கும் அமெரிக்கன் கேர்ள் வரிசை 1986இல் தொடங்கியது. ஆசிரியையாகவும் பாடநூல் எழுத்தாளராகவும் பணியாற்றிய பிளசன்ட் ரோலண்ட், பதினெட்டாம் நூற்றாண்டு நகரமொன்றை மீட்டெடுத்துக் காட்சிப்படுத்தும் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கைப் பார்த்து வியந்தவர். பின்னர் உறவுச் சிறுமியருக்குக் கிறிஸ்துமஸ் பரிசு தேடிச் சென்றபோது, வளர்ந்த பெண்ணாகக் காட்டும் பார்பிக்கும் மழலையாகக் காட்டும் கேபேஜ் பேட்ச் பொம்மைகளுக்கும் நடுவில், எட்டு ஒன்பது வயதுச் சிறுமியைச் சிறுமியாகவே காட்டும் பொம்மை இல்லாததைக் கண்டு, விஸ்கான்சின் மாநிலத்தில் பிளசன்ட் கம்பெனியை நிறுவினார். தொடக்கத்தில் ஜெர்மனியின் கோட்ஸ் நிறுவனம் செய்து தந்த அப்பொம்மைகள் கடைகளில் இல்லாமல் அஞ்சல்வழியே மட்டும் விற்கப்பட்டன. 1998இல் பார்பியின் உரிமையாளரான மேட்டல் நிறுவனம் 70 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. சேகரிப்போர் பழைய பொம்மைகளைப் பேசும்போது மேட்டலுக்கு முன், மேட்டலுக்குப் பின் என்று பிரிப்பது இதனால்தான்.

இந்த வரிசையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது முகமோ உடையோ அன்று, ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு காலமும் ஊரும் துயரமும் தந்து எழுதப்பட்ட நூல்களே ஆகும். முதலில் வந்த மூவரில் கிர்ஸ்டன் 1854இல் சுவீடனிலிருந்து மின்னசோட்டாவுக்குக் குடிபெயர்ந்தவள்; வரும் வழியிலேயே தோழியைக் காலராவுக்குப் பறிகொடுத்தவள். சமாந்தா 1904இல் செல்வந்தப் பாட்டியிடம் வளரும் தாய் தந்தையற்ற பெண். அவளுடைய தோழி நெல்லியோ தன் வயிற்றுப்பாட்டுக்கு உழைக்க வேண்டியவள். மாலி 1944இல் போர்க்களம் சென்ற மருத்துவரான தந்தைக்காகக் காத்திருப்பவள். 1993இல் வந்த ஆடி, 1864இல் அடிமைத்தனத்திலிருந்து தாயுடன் தப்பி பிலடெல்பியாவை அடைபவள். அவள் கதையைக் கருப்பின எழுத்தாளரான கானி போர்ட்டர் எழுதினார். 2002இல் வந்த காயா, அமெரிக்க ஐக்கிய நாடு என்ற ஒன்றே இல்லாத 1764இல் வாழும் நெஸ் பெர்ஸ் பழங்குடிச் சிறுமி. பற்கள் தெரியச் சிரிப்பது அம்மக்களின் மரபுக்கு ஒவ்வாது என்று அவர்களுடைய ஆலோசகர்கள் கூறியதால், மற்றப் பொம்மைகளிடம் காணும் சற்றே திறந்த வாயை விடுத்து மூடிய வாயுடன் அவளுக்கென்று தனி முக அச்சு செய்யப்பட்டது. முக அச்சு என்பது வைனில் எனப்படும் மென்மையாக்கிய பிளாஸ்டிக்கை வார்த்துத் தலையை உருவாக்கும் வார்ப்பு. ஒரே அச்சிலிருந்து பல பொம்மைகள் பிறப்பதே வழக்கம் என்பதால், ஒரு பெண்ணுக்காக ஓர் அச்சு செய்தது விற்பனையாளரிடம் எளிதில் காண முடியாத மரியாதை.

எனவே பேத்திக்குப் பொம்மை வாங்கும் முன் நூலை வாங்குவதே, அல்லது ஊர்ப் பொது நூலகத்திலிருந்து எடுத்து வருவதே, பெரியம்மாவின் முதல் அறிவுரை. கடையின் கண்ணாடிப் பெட்டி முன் நிற்கும் குழந்தை உடையையும் கூந்தலையும் பார்த்துத்தான் கை நீட்டும், அதில் குழந்தையைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நான்கைந்து கதைகளை இரவில் வாசித்துக் கேட்டபின், எந்தச் சிறுமியைப் பற்றி மறுநாள் காலையிலும் கேள்வி எழுகிறதோ அவளே வீட்டுக்கு வர வேண்டியவள். ஏழு வயதுக்கு ஆடியின் கதையின் தொடக்கம் கடினமானது, தந்தையும் தமையனும் விற்கப்படுவதை அக்குழந்தை கேட்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்காமல், தாய் உடனிருந்து வாசிப்பதும் வாசிப்பை நிறுத்திப் பேசுவதும் போதும். குடிபெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைக்குக் கிர்ஸ்டனோ, 1914இல் நியூயார்க்கில் வாழும் ரஷ்ய யூதக் குடும்பத்துச் சிறுமியான ரெபேக்காவோ எதிர்பாராத நெருக்கம் தரக்கூடும், ஏனெனில் வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியுமாக வாழ்வது அக்குழந்தைக்குப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. (1999இல் வாழும் இரட்டைச் சகோதரியரும் இப்போது வரலாற்றுப் பொம்மைகளாக வந்துவிட்டனர் என்பதை மகளிடம் சொல்லாமல் மறைப்பது நியாயமாகாது, தன் பள்ளிப் பருவம் வரலாறாகிவிட்டதை அவள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.) கதை ஏதுமின்றித் தோல் நிறம், கண், கூந்தல் ஆகியவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் ட்ரூலி மீ என்ற மற்றொரு வகையும் உண்டு, பெயரும் கதையும் தானே சூட்டிவிடும் கற்பனைக் குழந்தைக்கு அது பொருந்தும், ஆயினும் முதல் பொம்மைக்கு அதைப் பரிந்துரைக்கப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை, கதைதான் இவ்வரிசையின் உயிர் என்பதால்.

நிறத்தைப் பற்றி மகள் தயங்கித் தயங்கி எழுப்பியிருக்கும் ஐயம் இக்கடிதத்தில் அதிக இடம் பெற வேண்டியது. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பின உளவியல் தம்பதியர், நிறம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்த பொம்மைகளைக் கருப்பினக் குழந்தைகளின் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எதனோடு விளையாட விருப்பம் என்று கேட்டபோது, பெரும்பாலானவை வெள்ளைப் பொம்மையையே காட்டின. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது சான்றாகக் கொண்ட ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. தன்னைப்போன்ற முகம் ஒன்றுகூட இல்லாத பொம்மை அலமாரி குழந்தைக்கு ஏதோ ஒன்றைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது என்பதை அதற்குப்பின் மறுப்பது கடினம். அமெரிக்கன் கேர்ள் நிறுவனம் ஆண்டுதோறும் அறிமுகப்படுத்தும் ஆண்டின் சிறுமி என்ற வகையில் 2023இல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முதல் பொம்மையாகக் காவி சர்மா வந்தாள். நியூ ஜெர்சியின் மெட்டச்சன் நகரத்துப் பெண்ணாகவே அவள் படைக்கப்பட்டிருப்பதால், பேத்திக்கு அவள் ஏறத்தாழ அண்டை வீட்டுக்காரி. அவள் கதையும் வாசிக்கும் நூல்களோடு கட்டாயம் சேர வேண்டும். ஆனால் உன்னைப்போல் இருக்கிறாள், ஆகவே இவள்தான் உனக்கு என்று பெரியவர்கள் முடிவு கட்டிக் கொடுப்பதும் ஒருவகைப் பூட்டே. தேர்வில் பழுப்பு முகம் இருக்க வேண்டியது தாயின் கடமை. எந்த முகத்தை அணைத்துக்கொள்வது என்பது மகவின் உரிமை. பேத்தி காயாவையோ கிர்ஸ்டனையோ கேட்டால், அதில் பெற்றோர் தம் தோல்வியைத் தேட வேண்டாம்.

வயதைப் பொறுத்தவரை, 18 அங்குலப் பொம்மைகள் பொதுவாக எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே செய்யப்படுகின்றன. துணியால் தைத்துப் பஞ்சடைத்த உடலும் வைனில் தலையும் கைகால்களும் கொண்டவை அவை. 2016இல் வந்த வெல்லிவிஷர்ஸ் என்ற சிறிய வரிசை பதினான்கரை அங்குல உயரமும் முழு வைனில் உடலும் உடையது, சிறு கைகளுக்கு ஏற்றது. ஏழு வயது இரண்டுக்கும் இடைப்பட்டது. புத்தகத்தை மடித்துவைக்காமல் அடையாள நாடா வைத்து மூடும் குழந்தையாகப் பேத்தி இருந்தால் பெரியதையே வாங்கலாம். இன்னும் எல்லாவற்றையும் குளியல் தொட்டிக்குள் கொண்டுபோகும் பருவமாக இருந்தால் ஓராண்டு பொறுப்பதே சரி. துணியுடல் நனைந்தால் உள்ளே ஈரம் தங்கும். படுக்கவைத்தால் மூடி, நிமிர்த்தினால் திறக்கும் உறங்கும் கண்களின் உலோகப் பகுதியில் தண்ணீர் பட்டால் துருவேறி விழிகளின் நிறமே மங்கிவிடும்.

விலை நூறு டாலரைத் தாண்டுவதால் பயன்படுத்திய பொம்மையை வாங்கலாமா என்பது அடுத்து எழும் கேள்வி. தாராளமாக வாங்கலாம், சொல்லப்போனால் முதல் பொம்மைக்கு அதுவே மேல், ஏனெனில் ஏற்கெனவே ஒரு குழந்தை விளையாடித் தேய்த்த பொம்மையைப் பார்த்துத் தொடாதே, கெடுக்காதே என்று எந்தத் தாயும் அதட்ட மாட்டாள். வாங்கும்போது படத்தை மட்டும் நம்பாமல் நான்கைந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். கைகால்களை உடலோடு பிணைப்பது உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு. அது தளர்ந்திருந்தால் நிறுத்திய பொம்மை துவண்டு விழும், உயர்த்திய கை தானாக இறங்கும். கூந்தல் பெரும்பாலும் செயற்கை இழையாலான ஒட்டுமுடி. நுனி பொரிந்து சடைபிடித்திருந்தால் யாரோ சூடான கருவியால் நேராக்க முயன்றிருக்கிறார்கள் என்று பொருள், அது திரும்பாது. கரும்நீல ஜீன்ஸ் போன்ற சாயத் துணிகள் வைனிலில் ஏற்றும் கறையும் அவ்வளவு எளிதில் போகாது. புகை நாற்றம் துணியுடலில் ஏறினால் வெளியேறுவதே இல்லை என்பதால், விற்பவரிடம் அதை வெளிப்படையாகக் கேட்டுவிடுவது தவறாகாது. உடல்துணி வெள்ளையாக இருந்தால் அது தொடக்ககாலப் பொம்மை. 1991இல் வந்த பெலிசிட்டி என்ற பொம்மையின் கழுத்து தாழ்ந்த கவுனுக்குள் வெள்ளைத் துணி தெரியக்கூடாது என்பதற்காகவே உடல்கள் தோல் சாயலுக்கு மாறின. அத்தகைய வெள்ளுடல் பொம்மை மலிவாகக் கிடைத்தால் மகள் மகிழலாம், ஆனால் அதை ஏழு வயதுக் கையில் கொடுக்கலாமா என்று இருமுறை எண்ணிக்கொள்ள வேண்டும். மீட் உடை என்று சேகரிப்போர் சொல்வது, பொம்மை பெட்டியிலிருந்து வெளிவரும்போது அணிந்திருந்த முதல் உடை. சேகரிப்புக்கு அது முழுமையாக இருப்பது முக்கியம், பேத்திக்கோ ஒரு காலணி குறைந்தாலும் குறையில்லை.

நாளைக்கு விலை ஏறும் என்ற எண்ணம் மருமகனுக்கு இருப்பதாக மகள் எழுதியிருப்பது சிரிப்பை வரவழைக்கிறது. 1990களில் பீனி பேபீஸ் என்ற சிறு பஞ்சுப் பொம்மைகளைப் படிப்புச் செலவுக்கு உதவும் என்று நம்பிப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்தவர்கள் அவற்றை இன்றும் பெட்டியோடுதான் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாவதில்லை. பழைய பொம்மைகள் அரிதானதற்குக் காரணம், குழந்தைகள் அவற்றைத் தேய்த்துத் தீர்த்ததுதான். விலைக்காக வாங்குவதானால் தனியே ஒன்றை வாங்கி அலமாரியில் பூட்டட்டும், பேத்தியின் கையில் இருப்பதன் மேல் அக்கணக்கு ஏறக்கூடாது.

துணைப்பொருள்களில் கைவைத்தால் செலவுக்குக் கரையில்லை என்பதால், முதலாண்டில் பொம்மையும் நூலும் ஒரு மாற்றுடையும் கம்பிப்பல் சீப்பும் போதும். மனிதர் பயன்படுத்தும் சீப்பு அவ்விழையைப் பொரியவைக்கும்; நுனியிலிருந்து தொடங்கி, சிறிதளவு நீர் தெளித்து, வேரைப் பிடித்துக்கொண்டு வாருவதே முறை. பின்னல் போட்டு வந்த பொம்மையானால் முதல் வாரத்திலேயே பின்னல் அவிழும், கடைப் பின்னலாக அது திரும்பாது. ஆயினும் எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்டுவிடும் கைகள் உள்ள வீட்டில் அதற்குக் கவலை எதற்கு? எண்ணெயை மட்டும் பொம்மையிடம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டால் சரி. உறுப்பு கழன்றால் நிறுவனத்தின் பொம்மை மருத்துவமனைக்கு அனுப்பலாம். கட்டணம் பெற்றுச் சீர்செய்து, நோயாளி உடையும் நலச் சான்றிதழுமாகத் திருப்பி அனுப்புவார்கள், தலையே மாற்ற வேண்டிவந்தால் மட்டும் அதே முகம் திரும்பாது என்பதைப் பேத்தியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கத்தரிக்கோல் ஒருநாள் அந்தக் கூந்தலைத் தேடி வரத்தான் செய்யும். வெட்டிய முடி இதற்கு வளராது என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். அதன்பின்னும் வெட்டினால், புதிய தலைக்குப் பணம் கட்டாமல், குட்டைமுடிக்காரியோடு அவள் விளையாடட்டும்.

அன்புடன்,
பெரியம்மா