சபுர் போகும் வியாபாரிக்கு மொழியும் ஒரு முதல்



சரக்கெடுக்கச் சிங்கப்பூர் வரும் நம்மவர், சிராங்கூன் சாலையிலும் தேக்காச் சந்தையிலும் நிற்கும்வரை சொந்த ஊரில் இருப்பதுபோலவே இருப்பர். டன்லப் தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தால், தமிழிலேயே பேசிச் சாப்பிடலாம், விலையும் கேட்கலாம். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகும். ஆனால் அத்தெருக்களைத் தாண்டியதும் நம் வாய் அடைத்துப் போகிறது. அப்போது நாம் செய்வதென்ன? புரியாததைப் புரிந்ததாகக் காட்டித் தலையாட்டுகிறோம். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

நமக்கு நேர்ந்ததையே சொல்லுவோம். நாம் மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பறியோம். முதல் பயணத்தில் ஒரு மொத்தக் கடையில் போர்வை விலை கேட்டோம். கடைக்காரர் ஆங்கிலத்தில் 'போர்ட்டி' என்றார். அதாவது நாற்பது வெள்ளி. நம் காதில் 'போர்ட்டீன்', பதினான்கு என்று விழுந்தது. மலிவென்று மகிழ்ந்து, மூன்று டஜனுக்குத் தலையாட்டி, 100 வெள்ளி அச்சாரமும் கொடுத்துவிட்டோம். நம் மனக்கணக்கில் 504 வெள்ளி. கட்டுப் போட்டபின் வந்த பில்லில் 1,440 வெள்ளி! அச்சாரம் போயிற்று. அவர் சொன்னதில் பிழையில்லை. மறுமுறை கேட்க வெட்கப்பட்டவர் நாமே.

நம் முன்னோர் இப்படி வெட்கப்பட்டாரில்லை. மலாய் இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்ற முன்ஷி அப்துல்லாஹ் 1796இல் மலாக்காவில் பிறந்தவர். தமிழ், அரபு வழித்தோன்றல். சிறுவயதில் தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். கணக்குப் பார்க்கவும், அங்கு நிறைந்திருந்த இந்திய வணிகரோடு பேசவும் அது பயன்பட்டதென்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னர் அவர் ராபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார். வெள்ளையருக்கு மலாய் கற்பித்தார். கற்ற மொழிகளே அவருக்குப் பிழைப்பாயின.

மலாய் மொழி நமக்கு முற்றும் அந்நியமுமன்று. நம் கடை அவர்களிடம் 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கப்பல் 'கப்பால்', வியாபார முதல் 'மோடல்'. 'பெராப்பா' என்றால் எவ்வளவு? 'மஹால்' அதிக விலை, 'மூரா' மலிவு, 'போலே' முடியும். இவற்றோடு ஒன்று முதல் நூறுவரை ஆங்கில எண்களையும் பாடம் செய்துகொண்டால், அதுவே பாதித் துணை.

மற்றப் பாதிக்குச் சில வழிகள்: விலையை வாயால் மட்டும் பேசாதீர்கள், தாளில் எழுதிக் காட்டச் செய்து, எண்ணிக்கையும் மொத்தமும் பார்த்தபின்னரே அச்சாரம் கொடுங்கள். நாம் பக்கவாட்டில் தலையசைப்பது நமக்கு 'ஆம்'. பிறருக்கு அது 'இல்லை' என்றும் தோன்றும். தங்குமிடத்தின் விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 995, போலீஸுக்கு 999 என்பதை மனத்தில் வையுங்கள். இன்று கைப்பேசியே மொழிபெயர்த்துச் சொல்கிறது, நல்லதுதான். ஆயினும் அது சொன்ன தொகையையும் தாளில் எழுதிச் சரிபார்ப்பதே வியாபாரிக்கு அழகு.

சகோதரர்களே! 'விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்பதால் மானம் போகாது. விளங்கியதாகத் தலையாட்டினால் முதலே போய்விடும்.

வஸ்ஸலாம்.