குடைக்குக் கீழே சலுகை சிம்

கேள்வி: எங்கள் சந்தியில் குடை விரித்து, அஸ்வெசும குடும்பங்களுக்குச் சலுகை விலையில் டேட்டா சிம் என்கிறார்கள். அடையாள அட்டையோடு வங்கிப் புத்தகத்தையும் படமெடுக்கக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, உன்னிச்சை

பதில்: அடையாள அட்டை சரி, சிம் பதிய அது வேண்டும். வங்கிப் புத்தகம் எதற்கு? அஸ்வெசும 2023 முதல் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும் அரச நலன்புரிக் காசு. சிம் விற்பவருக்கு அதில் என்ன வேலை? போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தையும் சொல்லிவிடாதீர்கள், சகோதரி.

ஏழைக்கு மலிவு இணைப்பு என்பது வெறும் கதையல்ல. அமெரிக்காவில் 1985 முதல் ‘லைஃப்லைன்’ சலுகை உண்டு. ஆள் பிடித்தவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போனதால், தகுதியில்லாதவர் பெயர்களும் பட்டியலில் ஏறின. 2019இல் அந்தக் கமிஷனையே தடை செய்தார்கள். கேரளத்தில் 2023இல் தொடங்கிய கே-ஃபோன், 20 லட்சம் வறிய குடும்பங்களுக்கு இலவச இணையம் என்றது; அங்கே கம்பி இழுத்தது அரசு. உங்கள் சந்தியில் நிற்பது வியாபாரம். அது குற்றமில்லை, ஆனால் வியாபாரமாகவே பாருங்கள்.

விலையை 18 வீத வற் வரியோடு சேர்த்துக் கேளுங்கள். டேட்டாவில் எவ்வளவு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் ஓடும் என்றும் கேளுங்கள். விடிய வயலுக்குப் போகிற உங்கள் படுவான்கரை ஆட்களுக்கு இரவு டேட்டா என்ன பிரயோசனம்! அதே கம்பனி சிம் உள்ள அயலவரின் போனை உங்கள் வீட்டுக்குள் வைத்து சிக்னல் பாருங்கள். ‘அரசாங்கத் திட்டம்’ என்றால், வவுணதீவு பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே கையெழுத்து வையுங்கள்.