எத்தனை நொடி என்பதை அலை சொல்லட்டும்

நீண்ட எக்ஸ்போஷர் படம் எடுக்கத் தொடங்குபவர்களில் பலர் ஒளியைக் குறைக்கும் கறுப்பான என்டி ஃபில்டர் ஒன்றை வாங்கி, ஷட்டரை 30 நொடிக்கு வைத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் கன்னியாகுமரிக் கடலும் வேறெந்தக் கடலும் ஒரே வெண்புகையாகத்தான் தெரியும். நேரம் கூடக் கூடப் படம் அழகாகும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் எது பதியும், எது மறையும் என்பதை அந்த நேரம்தான் முடிவு செய்கிறது. 1838இல் ஒளிப்பட முன்னோடி லூயி தாகெர் பாரிஸின் புல்வார் து தாம்ப்ல் தெருவை எடுத்த படத்தில் வண்டிகளும் வழிப்போக்கர்களும் இல்லை. அந்தக் காலத் தகட்டுக்குப் பல நிமிடம் ஒளி தேவைப்பட்டதால், நகர்ந்தவை எதுவும் தடம் பதிக்கவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட நின்றதாகக் கருதப்படும் ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாக விழுந்தது. தாகெருக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. ஆகவே நொடியை முதலில் தீர்மானித்து, மற்ற அமைப்புகளை அதற்கேற்ப வைப்பதே சரியான வரிசை.

அந்த நொடியைக் கடலிடமிருந்தே பெற வேண்டும். கேமராவை எடுக்கும் முன் பத்து நிமிடம் அலையைக் கவனியுங்கள். பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்பதும் அப்போது தெரியும். அதற்கு மேலே, வழுக்காத இடத்தில்தான் நிற்க வேண்டும். படத்தில் ஓட்டத்தைக் காட்டுவது தண்ணீரல்ல, நுரை. அலை பாறையில் மோதும்போது திறந்தால் வெள்ளைக் கட்டிதான் கிடைக்கும். அது பின்வாங்கத் தொடங்கும் கணத்தில் அரை நொடியோ ஒரு நொடியோ திறந்தால், நுரை பாறை இடுக்குகளில் இழுபட்டுக் கோடு கோடாக விழும். நான்கைந்து நொடியில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 30 நொடிக்கு மேல் நுரை முழுவதும் கரைந்து, பாறையும் அதன் மேல் நிற்கும் வள்ளுவர் சிலையும் மட்டும் உறுதியாக நிற்கும். இந்த அமைதியும் வேண்டியதுதான், ஆனால் அது தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். கரையில் கூட்டம் இருந்தால் நடப்பவர்கள் மறைவார்கள். பாதி நேரம் நின்று நகர்பவர்களோ அரைகுறை நிழலாகப் பதிந்து படத்தைக் கெடுப்பார்கள்.

நொடி முடிவானபின் கணக்கு எளிது. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 11 என்று வைத்து, ஃபில்டர் மாட்டாமல் பாறை மேல் ஃபோகஸ் செய்து, உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். ஃபில்டர் வந்தபின் கேமராவால் ஃபோகஸைத் தேட முடியாமல் போகலாம். மீட்டர் 1/60 நொடி காட்டுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரம் இரட்டிக்கும். 6 ஸ்டாப் ஃபில்டர் 64 மடங்கு, அதாவது ஒரு நொடி சொச்சம். 10 ஸ்டாப் 1024 மடங்கு, அதாவது 17 நொடி. முதலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 6 ஸ்டாப்பையே சொல்வேன், நுரைக் கோடுகளுக்கு அதுவே போதும். ஃபில்டரே இல்லாதவர்கள் சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே தொடங்கலாம். அந்த மங்கலில் சில நொடிகள் தானாகவே கிடைக்கும். எஃப் 22 வரை மூடினால் ஃபில்டர் வேண்டாமே என்பார்கள். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விலகிப் பரவுவதால் படம் முழுக்கக் கூர்மை குறையும், சென்சாரில் ஒட்டிய தூசியும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஈர மணலில் ட்ரைபாட் ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் இறங்கும். கால்களை அழுத்தி ஊன்றுங்கள், முடிந்தால் பாறைமேல் வையுங்கள்; நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். விரலின் அசைவு படாதிருக்க 2 நொடி டைமர் வையுங்கள். அலை பின்வாங்கும் கணத்தைப் பிடிக்க ரிமோட் இன்னும் உதவும். அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால், நீண்ட நேரம் திறக்கும்போது பின்பக்க வ்யூஃபைண்டரை மூடுங்கள், அதன் வழியே ஒளி உள்ளே கசியும். 30 நொடியைத் தாண்டப் பெரும்பாலான கேமராக்களில், ஷட்டரை விரும்பும் வரை திறந்து வைக்கும் பல்ப் மோட் வேண்டும்.

பல படங்களை எடுத்துக் கணினியில் சராசரி செய்தால் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஒரு நொடிப் படங்கள் பதினாறை இணைத்தால் கிட்டத்தட்ட 16 நொடிக் கடல் கிடைக்கும், நாய்ஸும் குறையும். இதே முறையில் இரவுச் சாலையை எடுத்தால் மட்டும், வண்டி விளக்குகளின் தடத்தில் படங்களுக்கிடையிலான இடைவெளி வெட்டு வெட்டாகத் தெரியலாம். ஆனால் எத்தனை படத்தை இணைப்பது என்ற கேள்வி அங்கும் உண்டு. அதற்கான விடையும் அலையின் வேகத்தில்தான் இருக்கிறது. இந்த முறையில் எடுப்பவர்கள் கேமராவின் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பை அணைத்துவிட வேண்டும். அது இயங்கும்போது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் ஷட்டரை மூடி ஓர் இருட்டுப் படம் எடுக்கும். அதற்குள் அடுத்த அலை வந்து போய்விடும். ஒரே படமாக ஒரு நிமிடத்துக்கு மேல் திறப்பவர்கள் அதை இயக்கியே வைக்கலாம்.